மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் அப்பா: கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. 2021 மே மாதம் கோவிட் வார்டில் 11 நாள் ஆக்சிஜனில் இருந்து மீண்டு வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் வென்டிலேட்டர் வைத்த நான்காம் நாள் போய்விட்டார். அதைப் பார்த்ததிலிருந்து, "இன்னொரு தடவை வந்தால் என்னை அதில் போடாதே" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். வென்டிலேட்டர் வைத்தால் பிழைப்பதே இல்லையா? மறுபடி இப்படி ஒரு தொற்று வந்தால் கூட இருக்கும் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— மதுரை வாசகி

பதில்: வென்டிலேட்டர் வைத்தவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள் என்பது உண்மை. வென்டிலேட்டர்தான் அவர்களைக் கொன்றது என்பது சரியல்ல. மற்ற வழிகள் எதுவும் போதாமல் போனவருக்குத்தான் அதை வைக்கிறார்கள். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 41.4 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 29.3 சதவீதம். அதாவது பத்துப் பேரில் ஏழு பேர் 28ஆம் நாள் உயிரோடு இருந்தார்கள். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த ஊர்களில் நிலைமை இதைவிட மோசம். ஐ.சி.யூ.வில் ஒரு சிஸ்டர் ஒன்று அல்லது இரண்டு நோயாளியைத்தான் பார்க்க முடியும். அவர் தலையில் வார்டே விழுந்தால் மெஷின் இருந்தும் பயனில்லை.

மெஷினை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதிலும் உயிர் இருக்கிறது. ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றின் அளவை நோயாளியின் நிஜ எடையை வைத்துக் கணக்கிடுவதில்லை, அவர் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை வைத்துத்தான். 165 செ.மீ. உயர ஆணுக்கு அந்த எடை சுமார் 61.5 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 370 மி.லி. அவருடைய நிஜ எடை 85 கிலோ என்று 510 மி.லி. தள்ளினால், நோயால் ஏற்கெனவே பாதி மூடிக்கிடக்கும் நுரையீரலில் திறந்திருக்கும் பகுதி அளவுக்கு மீறி விரிந்து புண்ணாகும். 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மி.லி.யிலிருந்து 6 மி.லி.க்குக் குறைத்ததுமே இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. கடுமையான நிலையில் வென்டிலேட்டரோடு ஒரு தடவைக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது அதைவிடப் பலன் தந்தது: 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8இலிருந்து 16 சதவீதமாகப் பாதியானது. "குப்புறப் போடுகிறீர்களா?" என்று ஐ.சி.யூ. டாக்டரிடம் நீங்கள் கேட்கலாம். தயங்க வேண்டிய கேள்வியில்லை.

ஆனால் பெரும்பாலோருக்கு முடிவு அதற்கு முந்தின கட்டத்தில், சாதாரண ஆக்சிஜன் படுக்கையில்தான் தெரியும். கூட இருப்பவர் கண் வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

கோவிட்டில் பலர் ஆக்சிஜன் அளவு 85இல் இருக்கும்போதும் போனில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் முகத்தைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள். அப்பாவிடம் சொல்லாமல், அவர் மார்பு ஏறி இறங்குவதை முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 24ஐத் தொட்டால் கவலை, 30ஐத் தாண்டினால் அவசரம். ஆக்சிமீட்டரை மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத, சூடான விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். கருத்த தோலில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். வீட்டில் இருக்கும்போது 93 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே கிளம்புங்கள். உட்கார்ந்திருக்கையில் 95 இருந்து, ஆறு நிமிடம் அறைக்குள் நடந்ததும் 91க்கு விழுந்தாலும் அப்படித்தான்.

வார்டில் ஆக்சிஜன் கொடுக்கும்போது 92 முதல் 96 போதும். பல வருடப் புகையால் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவருக்கு 88 முதல் 92. நூறைத் துரத்துவதில் அப்பாவுக்கு லாபம் எதுவும் இல்லை, அடுத்த படுக்கைக்குப் போக வேண்டியதுதான் வீணாகும்.

மூக்குக் குழாய் நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் வரைதான். சாதாரண மாஸ்க் 6 முதல் 10. பை தொங்கும் என்.ஆர்.பி.எம். மாஸ்க்குக்கு 10 முதல் 15. அந்தப் பை எப்போதும் உப்பி இருக்க வேண்டும். மூச்சிழுக்கும்போது ஒட்டிப் போனால் ஃப்ளோ போதவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மெஷினில் இந்த மாஸ்க்கை மாட்டுவது பெரிய தவறு. 2021இல் வீடுகளில் நிறைய நடந்தது. ஃப்ளோமீட்டரில் உருண்டையின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலின் (ஹியூமிடிஃபையர்) மூடி சரியாக மரை ஏறாவிட்டால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். குழாயை இரண்டு வினாடி மடித்துப் பிடியுங்கள்: குமிழி நின்று, பாட்டிலின் வால்வு விசிலடித்தால் கசிவில்லை. பேசாமல் குமிழிவிட்டுக்கொண்டே இருந்தால் மூடியைத் திருகுங்கள்.

சிலிண்டர் கணக்கு ஆம்புலன்ஸில் மாற்றும்போது உதவும். சின்ன பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர், ஜம்போ டி டைப்பில் சுமார் 7,000. நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் முன்னது இரண்டரை மணி நேரம், பின்னது 11 மணி 40 நிமிடம். 15 லிட்டரில் ஜம்போ எட்டு மணி நேரம்கூட நிற்காது. மீட்டர் முள் பாதியில் இருந்தால் நேரமும் பாதி. பயண நேரத்தைப் போல இரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் வண்டி ஏறுங்கள்.

பாத்ரூம் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்கையில் ஆக்சிஜனோடு 94 இருப்பவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து, முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சில நிமிடங்களில் 75க்குப் போகக்கூடும். உள்ளே விழுந்து கிடந்தவர்களைப் பல வார்டுகள் பார்த்திருக்கின்றன. வெட்கப்பட வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லி, யூரின் பாட்டிலும் பெட்பேனும் படுக்கையருகே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது மாஸ்க்குக்குப் பதில் மூக்குக் குழாய் மாற்றித் தரச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள்.

நினைவோடு இருப்பவரும் குப்புறப் படுக்கலாம். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயமும் வயிறும் அதை அழுத்தி மூடுகின்றன, ரத்தமோ அங்கேதான் அதிகம் ஓடுகிறது. கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, கணுக்கால் பக்கம் இரண்டு. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் குப்புற, பிறகு வலப் பக்கம், சாய்ந்து உட்கார்தல், இடப் பக்கம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான். கர்ப்பிணிகள், கடுமையான இதய நோயாளிகள், முதுகெலும்பு அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், காலில் ரத்தக்கட்டு கண்டுபிடித்து இரண்டு நாள் ஆகாதவர்கள் படுக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். அளவு விழுந்தால் திருப்பிவிடுங்கள். ஆறு நாடுகளில் 1,126 பேரிடம் நடந்த ஆய்வில் இது வென்டிலேட்டர் தேவையைக் குறைத்தது. நினைவோடு இருப்பவர்களில் இறப்பைக் குறைத்ததாக அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அதனால் இதையே நம்பி ஐ.சி.யூ. மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. 15 லிட்டர் என்.ஆர்.பி.எம்.மிலும் 90க்குக் கீழே, அல்லது மூச்சு 30க்கு மேலே என்றால் டியூட்டி டாக்டரை அந்த மணி நேரத்திலேயே கூப்பிடுங்கள். தொண்டையில் குழாய் விடாமல், இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் சிபேப் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வென்டிலேட்டர் வரை போகாமல் சிலரை அது நிறுத்தியிருக்கிறது.

மருந்துக்கு வருவோம். 2021இல் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் உயிர் காக்கும் என்று உறுதியாகத் தெரிந்திருந்தது சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன்: தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு மட்டும். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்தபோது பலனில்லை. இறப்பு 14 சதவீதத்துக்கு எதிராக 17.8 என்று கூடுதலாகவே தெரிந்தது. முதல் வாரம் கிருமி பெருகும் காலம், அப்போது ஸ்டீராய்டு உடலின் கையைக் கட்டுகிறது. பிறகு உடலின் எதிர்ப்பே நுரையீரலைச் சேதப்படுத்தத் தொடங்கும்போதுதான் அது உதவுகிறது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டவர்கள் இதனால் கெட்டார்கள். கோவிட்டிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றிய பிளாஸ்மாவும் பலனளிக்கவில்லை. இந்தியாவில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வே அதைக் காட்டியது.

அடுத்து வருவது இன்ஃபுளுவென்சா வகையாக இருந்தால் இந்த ஸ்டீராய்டு பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஃப்ளூ நிமோனியாவுக்கு வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை. அங்கே வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஓசெல்டாமிவிர் 75 மி.கி. தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று கூடுதல். ஸ்டீராய்டு போட்டதும் சுகர் 300, 400 என்று ஏறும், மாலையில் அதிகம். தினம் நான்கு வேளை விரலில் குத்திப் பார்த்து, இன்சுலினால் 140–180க்குள் வைக்கிறார்களா என்று கேஸ் ஷீட்டைக் காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை மட்டும் போதாது. ரத்தக்கட்டு வராமலிருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றையும் ஐ.சி.யூ.வுக்குக் கொடுத்தனுப்புங்கள். வயதானவர்களுக்குக் குழப்பம் வருவது அதனால் ஓரளவு குறையும்.

வென்டிலேட்டர் பற்றி அப்பாவிடம் நல்ல உடம்பாக இருக்கும் இப்போதே பேசுங்கள், மூச்சுத் திணறலில் கேட்கும் கேள்வியல்ல அது. சில நாட்களுக்கு என்று வைத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் மறுபடி பேசலாம் என்று டாக்டரிடம் கேட்கலாம் எனச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் டாக்டர் சொன்ன தேதியில் ஸ்டீராய்டு நிற்கிறதா பாருங்கள். அடுத்த ஒரு மாதத்தில் ஒரு பக்க மூக்கடைப்பு, கருப்பாகச் சளி, கன்னத்தில் வலி அல்லது மரமரப்பு, கண் வீக்கம், பார்வை இரட்டையாவது என எது தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். கருப்புப் பூஞ்சை இரண்டு நாளில் கண்ணைத் தாண்டிவிடக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு திடீரென்று வாங்கினாலும் நேரே எமர்ஜென்சிக்கு.