சோயூஸில் ஏறி விண்வெளி நிலையத்துக்கு: கேள்வி பதில்

சார், விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில்தானே இருக்கிறது? ரஷ்யாவின் சோயூஸ் விண்கலம் ஒன்பது நிமிடத்தில் மேலே போய்விடுகிறது. அப்புறம் ஏன் மணிக்கணக்கில் ஆகிறது?

உயரம் பெரிய விஷயமில்லை, வேகம்தான் விஷயம். நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று முடித்துவிடும். சோயூஸ் முதலில் சுமார் 200 கி.மீ. உயரத்தில் சுற்றத் தொடங்கும். தாழ்வான பாதையில் சுற்று இன்னும் சீக்கிரம் முடியும். அதனால் பின்னாலிருந்தே இடைவெளியைக் குறைத்து, மெல்ல மெல்ல உயர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்கு இரண்டு நாள் ஆனது. 2020 அக்டோபரில் சோயூஸ் எம்எஸ்-17 கலம் மூன்றே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

நேரலையில் கமாண்டர் ஒரு குச்சியால் பட்டனை அழுத்தினாரே, நிஜமாகவா?

நிஜம்தான். மூன்று பேரும் முழங்காலை மடக்கி மல்லாந்து கிடப்பார்கள். பெல்ட்டை இறுக்கிவிட்டால் பேனலுக்குக் கை எட்டாது, அதற்குத்தான் குச்சி. அவர்கள் எதிரே தொங்கும் குட்டிப் பொம்மையையும் பாருங்கள். எஞ்சின் நின்றதும் கயிறு தளர்ந்து அது மிதக்கும். எடையின்மை வந்தாச்சு என்று அர்த்தம்.

அண்ணா, நடுவில் ராக்கெட் பழுதானால் அவ்வளவுதானா?

இல்லை தம்பி. 2018 அக்டோபர் 11, எம்எஸ்-10. உள்ளே அலெக்ஸி ஓவ்சினின், நிக் ஹேக். கிளம்பி இரண்டு நிமிடத்தில், பக்கவாட்டு பூஸ்டர்கள் நான்கில் ஒன்று சரியாக விலகாமல் நடு ராக்கெட்டில் மோதியது. உச்சியில் இருக்கும் தப்பிக்கும் கோபுரத்தைச் சில நொடிகளுக்கு முன்புதான் கழற்றி விட்டிருந்தார்கள்! ஆனால் கலத்தைச் சுற்றியிருக்கும் மூடியுறையிலும் சிறு ராக்கெட்டுகள் உண்டு. அவை கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. இறங்கும்போது உடலெடை ஆறரை மடங்குக்கு மேல் அழுத்தியது. அறுபது கிலோ ஆள் நானூறு கிலோ ஆனது போல. பாராசூட்டில் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கினார்கள், காயமே இல்லை. காரணம் என்ன தெரியுமா? பூஸ்டரைப் பொருத்தும்போது ஒரு சென்சாரின் ஊசி லேசாக வளைந்துவிட்டது. அவ்வளவுதான். எனக்கு இதைவிட வியப்பு, அடுத்த மார்ச்சிலேயே இருவரும் மறுபடி ஏறிப் போனது.

மேலே ஈர்ப்பு விசையே கிடையாதாமே?

யார் சொன்னது? தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் மிதக்கிறார்கள்.

ஏவுதளம் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்துகிறார்களாமே?

ஆமாம். 1961இல் முதல் விண்வெளி வீரர் ககாரின் வழியில் இறங்கி பஸ் டயரில் சிறுநீர் கழித்தாராம். அதுவே சம்பிரதாயமாகிவிட்டது. அதற்காகவே, சோதித்து மூடிய விண்வெளி உடையைத் திரும்ப அவிழ்த்துக் கட்டுகிறார்கள். பெண்களுக்குக் கட்டாயமில்லை.