வயிற்றுப் பிள்ளையும் குடியும்: நர்ஸக்கா பதில்கள்

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய் ஓய்வு பெற்றவள் நான். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

பெருந்துறை: எனக்கு மூன்றாவது மாதம். தோட்டத்துக் கள்ளு குளிர்ச்சி, ஒரு சொம்பு குடி என்கிறார் மாமியார். குடிக்கலாமுங்களா?

வேண்டாம் கண்ணு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் தெளுவு, அதாவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துச் சாராயச் சத்து ஏறிவிடும். பீரில் இருப்பதும் இதேதான். தெளுவே ஆனாலும் நுரைத்திருந்தால் தொடாதீர்கள். 1987 முதல் தடையில் இருக்கிற கள்ளு தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

பொள்ளாச்சி: வைன் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாமே?

நிறம் அப்பனும் ஆத்தாளும் கொடுப்பது. வைன் கொடுக்காது.

திருப்பூர்: நாள் தள்ளிப்போனது தெரியாமல், தோழி கல்யாணத்தில் இரண்டு பீர் குடித்துவிட்டேன். கலைத்துவிடலாமா என்று அழுகையாக வருகிறது.

அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை அம்மிணி. இன்றோடு நிறுத்துங்கள், செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. ஆனால் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதிலிருந்து பிள்ளைக்கு லாபம்தான்.

தாராபுரம்: அப்படிக் குழந்தைக்கு என்னதான் ஆகும்?

தாய் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. அவள் ரத்தத்தில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு பிள்ளை ரத்தத்திலும் சேரும். அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்கு அதன் ஈரல் பக்குவப்பட்டிருக்காது. கரு கலையலாம், எடை குறைந்து பிறக்கலாம். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். கண் திறப்பு சிறுத்திருக்கும், மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளம் மழுங்கியிருக்கும், மேலுதடு மெலிந்திருக்கும்.

ஆனால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. மூளைக்குள் இருக்கும் சேதம்தான் பெரிது. நேற்று கடகடவென்று சொன்ன வாய்ப்பாட்டை இன்று கேட்டால் முழிக்கும். மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடும். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசு கணக்கு வராது. திட்டு விழும் என்று தெரிந்தும் அதையே மறுபடி செய்யும். வாத்தியார் திமிர் என்பார், வீட்டில் அடி விழும். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

அந்தியூர்: தங்கை மகனுக்கு ஏழு வயது, நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறான். மாசமாக இருந்தபோது அவள் குடித்தது எனக்குத் தெரியும். எங்கே காட்டுவது?

அரசு மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைக் கவனிக்கிற டி.இ.ஐ.சி. என்ற இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. தாய் குடித்த விவரம்தான் டாக்டருக்குப் பெரிய தடயம். அதைத் தங்கையே சொல்ல வேண்டும், அதனால் போலீஸ் விசாரணை மாதிரி அவளைக் குடையாதீர்கள். முழுசாகக் குணமாகாது. பயிற்சியைச் சீக்கிரம் ஆரம்பித்தால் நல்ல முன்னேற்றம் வரும்.

பல்லடம்: குடிப்பது வீட்டுக்காரர் மட்டும். என் பிள்ளைக்கு இது வருமா?

வராது. இது தாயின் ரத்தம் வழியாகப் போவது. ஆனால் குடி அவருடைய விந்தணுவைக் கெடுக்கும், வீட்டுக் காசையும் கரைக்கும். மாசமாக இருப்பவள் மேல் கை ஓங்கினால் அது தனி ஆபத்து.

ஈரோடு: தினமும் குவார்ட்டர் குடிக்கிறேன். இப்போது ஐந்தாம் மாதம். நாளையே நிறுத்திவிடட்டுமா?

கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம் சாமி. ஆனால் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புகூட வரும். வீட்டில் தனியாக முயலாதீர்கள். நாளைக் காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய் இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள், சேர்த்துக்கொண்டு நிறுத்த வைப்பார்கள்.

கோபி: பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுத்தால் பால் ஊறுமா?

குறையும். குடித்தது பாலிலும் இறங்கும். சளிக்கென்று குழந்தை நாக்கில் பிராந்தி தொட்டு வைப்பதும் கூடவே கூடாது. அப்புறம், அரிஷ்டத்திலும் புளிப்பில் உண்டான சாராயம் உண்டு. மாசமாக இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.