ஆயுதம் எப்போது உடைய வேண்டும்? – கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் ஆட்டங்களில் ஆயுதச் சேதத்தை எப்படிக் கையாள்வது என்று வடசென்னை நண்பர்கள் பலர் கேட்டிருந்தனர். அவற்றுக்கான பதில்கள் கீழே.

பெரம்பூர்: ஐயா, நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். தாக்கும்போது இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் உடைந்துவிடும் என்று வைத்திருக்கிறோம். வாள்வீரனாக ஆடும் நண்பர் இது அநியாயம் என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர் சொல்வதே சரி. 1 விழுந்தால் அந்தத் தாக்குதல் தவறும் என்பதோடு அந்தப் பதிப்பின் விதி நின்றுவிடுகிறது. ஆயுதம் உடையும் என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. ஓர் உருட்டலுக்கு 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வாள்வீரன் தேர்ச்சி பெறப் பெற, ஒரே சுற்றில் அவன் வீசும் வீச்சுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது: 5ஆம் நிலையில் இரண்டு, 11ஆம் நிலையில் மூன்று, 20ஆம் நிலையில் நான்கு. நான்கு சுற்று நீடிக்கும் ஒரு சண்டையில், நேற்றுதான் வாள் பிடித்த புதியவனின் ஆயுதம் உடைய ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்பு இருக்கிறதென்றால், 16 முறை வீசும் மாவீரனுக்கு அது 56 சதவீதமாக உயர்ந்துவிடுகிறது. அருகிலேயே நின்று தீப்பந்து எறியும் மந்திரவாதியோ தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை. தப்பிக்கும் பகடையை எதிரிகள்தான் உருட்டுகிறார்கள். பயிற்சி கூடக் கூடத் தண்டனையும் கூடும் விதியை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நியாயமாக நடத்த முடியாது.

ஆயுதம் உடைவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ஆடுபவர் தெரிந்தே எடுத்த துணிவுக்கான விலையாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதே ஆட்டத்தில், இரும்பு அரிதாகிப்போன பாலைவன உலகமான டார்க் சன்னுக்கு 2010இல் வந்த பதிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் 1 விழுந்தால் தவறிய அடியை ஒப்புக்கொண்டு ஆயுதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அல்லது ஆயுதம் உடையக்கூடும் என்று தெரிந்தே மீண்டும் உருட்டலாம். அதற்குப் பிறகு எலும்புக் கத்தி முறிந்தாலும் ஆடுபவருக்கு மனக்குறை இருக்காது, ஏனெனில் முடிவு அவருடையது.

தண்டையார்பேட்டை: எதிரியின் கையிலுள்ள வாளையே குறிவைத்து உடைக்க விதி இருக்கிறதா?

இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2003இல் வந்த 3.5 பதிப்பில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு கடினத்தன்மையும் ஓர் உயிர்ப்புள்ளிக் கணக்கும் உண்டு. ஒவ்வோர் அடியின் சேதத்திலும் கடினத்தன்மை கழிந்துபோகும், மிச்சம்தான் உயிர்ப்புள்ளியைக் குறைக்கும். ஒற்றைக்கை வாளுக்குக் கடினத்தன்மை 10, உயிர்ப்புள்ளி 5. ஆகவே ஒரே அடியில் 15 சேதம் விழுந்தால் வாள் போயிற்று. மரப்பிடி கொண்ட ஒற்றைக்கைக் கோடரிக்கு இரண்டுமே 5 என்பதால் அது இன்னும் எளிதில் போய்விடும். 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் இதில் ஓர் இடைநிலையைச் சேர்த்தது: பாதிக்கு மேல் சேதமான ஆயுதம் கையில்தான் இருக்கும், ஆனால் தாக்குதலிலும் சேதத்திலும் 2 குறையும். முழு வாள், இல்லாவிட்டால் வெறுங்கை என்ற நிலையைவிட இது பல மடங்கு மேல். வாள் மழுங்குவதைக் கண்ணால் பார்க்கும் ஆட்டக்காரருக்குப் பின்வாங்குவதா, தொடர்வதா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது.

ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடுபவரின் ஆயுதத்தை உடைக்கக்கூடிய எதிரியை முன்னறிவிப்பின்றி இறக்காதீர்கள். முறிந்த வாள்கள் சிதறிக் கிடக்கும் ஒரு முற்றத்தை முதலில் காட்டிவிடுங்கள்.

காசிமேடு: அண்ணே, எங்கள் கதை ஒரு துறைமுகத்தில் நடக்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடிப்பதை எப்படி விதியாக்குவது?

துறைமுகத்தில் பழைய இரும்பு வளையம் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அதை உதிர்த்தால் அடியில் இரும்பு குழிகுழியாக அரித்திருக்கும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அரிப்பு விரைவாகிறது. வாளில் அது முதலில் தொடங்கும் இடம், துணி சுற்றிய கைப்பிடிக்குள் ஈரம் தங்கும் பகுதிதான்.

ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில், இரும்பைத் தின்னும் துரு விலங்கை மந்திரமற்ற உலோக ஆயுதத்தால் அடித்தால், ஒவ்வோர் அடிக்கும் அந்த ஆயுதத்தின் சேதத்தில் 1 குறையும். −5ஐ எட்டினால் அது அழிந்துவிடும். அதே ஏணியைக் கடற்கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மெதுவாக: கடலோரத்தில் கழிந்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு படி. வாளைத் துடைத்து எண்ணெய் பூசுகிறேன் என்று சொல்லும் ஆட்டக்காரருக்கு அந்த வாரம் படி இறங்கக் கூடாது. அதற்குப் பகடையும் கேட்காதீர்கள்.

வியாசர்பாடி: என் பாத்திரம் சிலம்பக்காரர். மூங்கில் கம்பால் வாளைத் தடுத்தால் கம்பு உடைய வேண்டுமா?

எப்படித் தடுத்தார் என்பதைப் பொறுத்தது. சிலம்பக்காரர் வாளின் வேகத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறார் என்றால் கம்புக்குச் சோதனையே வேண்டாம். கம்பைக் குறுக்கே பிடித்து வெட்டை நேராக வாங்கினால் மட்டும் சோதியுங்கள். கர்ப்ஸ் ஆட்டம் இதற்கு எடையை அளவுகோலாகக் கொள்கிறது: தடுக்கும் ஆயுதத்தைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ எடையுள்ள ஆயுதம் வந்து மோதினால்தான் உடையும் அபாயம். இலேசான கம்பின் மீது பெரிய போர்க்கோடரி விழும்போது மட்டும் ஆடுபவர் பதறினால் போதும் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த விதி.

இன்னொன்று: மூங்கில் பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த கம்பாலும் அடிக்கலாம். சேதப் பகடையை ஒரு படி குறைத்து (எட்டு முகப் பகடை என்றால் ஆறு முகமாக்கி) ஆட்டத்தைத் தொடருங்கள். இரண்டாகவே முறிந்தாலும் அவர் கையில் ஒரு குட்டைக் கம்பு மிஞ்சும்.

ராயபுரம்: கேடயத்துக்கு எந்த விதி சிறந்தது?

2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. எஃகுக் கேடயத்துக்குக் கடினத்தன்மை 5, உயிர்ப்புள்ளி 20. 10க்கு இறங்கினால் பழுது. அடியைக் கேடயத்தில் வாங்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு முறையும் ஆடுபவரே முடிவு செய்கிறார்.

எண்ணூர்: அம்புகளையும் எண்ண வேண்டுமா?

சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் எய்தவற்றில் பாதி திரும்பக் கிடைக்கும் என்கிறது ஐந்தாம் பதிப்பு. அது போதும்.

கொருக்குப்பேட்டை: பிள்ளைகளோடு ஆடுகிறேன். இவ்வளவு கணக்கு அவர்களுக்கு ஒத்துவராது. எளிய வழி உண்டா?

மவுஸ்ரிட்டர் என்ற ஆட்டத்தின் வழியைப் பின்பற்றுங்கள். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் மூன்று வட்டங்கள். சண்டை முடிந்ததும், பயன்படுத்திய ஆயுதத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். 4, 5, 6 விழுந்தால் ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். மூன்றும் நிரம்பினால் ஆயுதம் பயனற்றுப் போகும். அதற்கு முன்பே பழுதுபார்த்தால் ஒரு வட்டத்துக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு செலவாகும். இந்தக் கணக்கில் ஓர் ஆயுதம் சராசரியாக ஆறு சண்டைகளுக்குத் தாங்கும். பிள்ளைகளுக்கு அது போதாது என்று தோன்றினால், 5, 6 விழுந்தால் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். சராசரி ஒன்பது சண்டைகளாகிவிடும்.