ரெகுலேட்டர் வாங்கும் முன் ஒரு ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ கார் வைத்திருக்கிறேன். பெரிய டர்போ மாட்டி, பூஸ்டை (டர்போ காற்றை அழுத்தும் அளவை) 0.6 பாரிலிருந்து 1.2 பாருக்கு ஏற்றியிருக்கிறேன். நிமிடத்துக்கு 550 சிசி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், மணிக்கு 255 லிட்டர் பம்ப், டியூன் செய்யக்கூடிய ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் போட்டாயிற்று. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் மட்டும் கம்பெனி கொடுத்ததுதான். பூஸ்ட் ஏறுவதைப் போலப் பல மடங்கு பெட்ரோல் பிரஷரை ஏற்றும் ரைசிங் ரேட் ரெகுலேட்டர் போடு என்கிறார் ஒரு நண்பர். ஆயிரம் குதிரைத்திறன் தாங்குவதாக வாங்கிவிடு, பிறகு கவலையே இல்லை என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வையுங்கள். ரெகுலேட்டர் பெட்ரோலைத் தள்ளும் சாமான் அல்ல, திருப்பி அனுப்பும் சாமான். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் இன்ஜின் ஐடிலில் ஒரு மணி நேரம் நின்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். பம்ப் தள்ளுவதோ 250 லிட்டருக்குப் பக்கம். மிச்சம் அத்தனையும் ரெகுலேட்டரின் சின்ன வாய் வழியாக டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். ஃபுல் பூஸ்டில் கதை மாறுகிறது. நான்கு 550 சிசி இன்ஜெக்டர்கள் 80 சதவீத டியூட்டியில், அதாவது நூற்றில் எண்பது பங்கு நேரம் திறந்திருந்தால், மணிக்கு 105 லிட்டர் எடுத்துக்கொள்ளும். அதாவது ரெகுலேட்டர் திணறினால் ரேஸ் டிராக்கில் அல்ல, சிக்னலில் நிற்கும்போதுதான் திணறும். பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் கணக்கை நான் பெரிதாக மதிக்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் பம்ப் எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவையும் பிரஷர் ஏறாமல் அது திருப்பி விடுமா? கேட்க வேண்டியது அதை.

சரி, இப்போது கம்பெனி ரெகுலேட்டருக்கு ஒரு பரீட்சை வைப்போம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ரெகுலேட்டர் தலையிலிருந்து மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) போகும் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை ஒரு போல்ட் செருகி அடையுங்கள். ஹோஸ் இல்லாதபோது ரெயிலில் நிற்கும் பிரஷர்தான் பேஸ் பிரஷர்; பெரும்பாலான கார்களில் அது 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ. கேஜில் அது தெரிய வேண்டும். ஹோஸைத் திரும்ப மாட்டினால் மேனிஃபோல்டு வாக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) எவ்வளவோ அவ்வளவு இறங்கி, 2.4 பாருக்குப் பக்கம் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் பழைய ரெகுலேட்டர் புதுப் பம்பைச் சமாளிக்கிறது என்று அர்த்தம். காசை மிச்சம் பிடியுங்கள். ஹோஸ் இல்லாமல் 3.5, 3.6 என்று ஏறி நின்றால் மூச்சு முட்டுகிறது. அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் எங்காவது நசுங்கியிருக்கிறதா, டேங்க் மூடியில் அது நுழையும் இடம் பென்சில் முனை போலக் குறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் குறுகலாக இருந்தால் எந்த ரெகுலேட்டர் போட்டாலும் அதே எண்தான் காட்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் வேலை செய்யும், திருகி அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ரெகுலேட்டரை வாங்குங்கள். பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயிலிலும் 1 பார் ஏறும். இன்ஜெக்டரின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 3 பாராகவே இருக்கும். உங்கள் 1.2 பார் பூஸ்டில் ரெயில் 4.2 பார் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ரெகுலேட்டரைத் திருகாதீர்கள். பம்புக்கு வோல்டேஜ் சரியாக வருகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். 255 என்பது 4.2 பாரிலும் கிடைக்கும் எண் அல்ல.

ரைசிங் ரேட் விஷயம். டர்போ இல்லாத காரில் டர்போவை வைத்து, ஈசியூவைத் தொட வழியில்லாதபோது போட்ட ஒட்டுவேலை அது. ஆறுக்கு ஒன்று விகிதம் வாங்கினீர்கள் என்றால், 1.2 பார் பூஸ்டுக்கு 7.2 பார் ஏற்றப் பார்க்கும். பேஸோடு சேர்த்து 10.2. உங்கள் பம்புக்கு அந்த உயரம் எட்டாது. டியூன் செய்யக்கூடிய ஈசியூ இருப்பவருக்கு அது எதற்கு? பேஸ் பிரஷரை 4 பாராக ஏற்றினால் பெட்ரோல் கூடுமே என்றும் சிலர் கேட்பார்கள். கூடும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்தான். 550 சிசி இன்ஜெக்டர் 635 ஆகும். மூன்றில் ஒரு பங்கு பிரஷருக்குப் பதினைந்து சதவீதப் பெட்ரோல். பம்பின் உழைப்போ ஏறிவிடும். ஈசியூவிலும் இன்ஜெக்டர் அளவைத் திருத்தியாக வேண்டும்.

மாட்டும்போது ரெயிலுக்குப் பின்னால், ரிட்டர்ன் பக்கம் மாட்டுங்கள். அப்புறம் அந்தச் சின்ன ஹோஸ். வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காருக்குப் பூஸ்ட் கேஜ் மாட்டினேன். ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி, மூன்று வாய் உள்ள டீ இணைப்பு போட்டு இழுத்தேன், கிளாம்ப் போடவில்லை. மூன்றாம் நாள் பூஸ்டில் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் ஓரம் உருகியிருந்தது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த பிஸ்டனை என் டூல் பாக்ஸ் மேல் வைத்துவிட்டுப் போனார். உங்கள் காரில் அது நடந்தால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும், எதிரே 1.2 பார் தள்ளும், மிஞ்சுவது 1.8. பெட்ரோல் 22 சதவீதத்துக்கும் மேல் குறையும், அதுவும் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில். திராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலிருந்தே அதற்குத் தனி ஹோஸ் கொடுங்கள். வேறு எதையும் அதில் தொங்கவிடாதீர்கள். இரண்டு முனையிலும் கிளாம்ப்.

கேள்வி: என் காரில் ரிட்டர்ன் லைனே இல்லை. ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கிறதாம். பூஸ்ட் ஏற்றலாமா?

பதில்: கொஞ்சம் ஏற்றலாம். அந்த ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் தெரியாது. ரெயில் 4 பாரில் நின்றால், 1 பார் பூஸ்டில் வித்தியாசம் 3 ஆகி, இன்ஜெக்டர் 13 சதவீதம் குறைவாகக் கொடுக்கும். இன்ஜெக்டரில் இடம் இருந்தால் ஈசியூவில் ஈடுகட்டிவிடலாம். இல்லாவிட்டால் ரிட்டர்ன் லைன் இழுப்பதுதான் வழி. உங்களுடையது சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் நூறு பாரைத் தாண்டும் தனிப் பம்ப் இருக்கும். மேலே சொன்னதை வைத்து அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஐடிலில் கரும்புகை, பெட்ரோல் வாடை. பிளக் மாற்றியும் தீரவில்லை. ரெகுலேட்டராக இருக்குமா?

பதில்: ரெகுலேட்டர் தலையிலிருக்கும் வாக்குவம் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வு கிழிந்து, பெட்ரோல் அந்த வழியாக நேரே மேனிஃபோல்டுக்குள் போகிறது. புதிது மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள். காய்ந்திருந்தால் மேலே சொன்னபடி கேஜில் பிரஷரைப் பாருங்கள்; அதுவும் சரியாக இருந்தால் ரெகுலேட்டரை விட்டுவிட்டு, ஒழுகும் இன்ஜெக்டரைத் தேடுங்கள்.