மின்னூல நேரடியா விக்கலாமா? விக்கலாம், ஆனா ஃப்ரீயா மின்னூலாக்கித் தர்றேன்னு வர்ற ஏஜென்ட் கிட்ட மாட்டாதீங்க

கும்பகோணத்துல 40 தலைப்பு வச்சு சின்னதா பதிப்பகம் நடத்துறவர் கேட்டிருக்கார்: "சொந்த சைட்ல மின்னூல் வித்தா மறுநாளே டெலிகிராம்ல வந்துடுமே, அமேசானோட மின்னூல் கடையான கிண்டிலோட நிறுத்திக்கவா?"

டெலிகிராம்ல சுத்துறதுல நிறைய அச்சுப் புத்தகத்த ஸ்கேன் பண்ணதுதான் சார், திருட்டுத்தனமா ஏத்துறவனுக்கு உங்க ஃபைலே தேவையில்ல. வாங்கினவர் பேரும் ஆர்டர் நம்பரும் பக்கத்துக்கு அடியில வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க, பாஸ்வேர்டு பூட்டு எல்லாம் வேணாம், காசு குடுத்தவர்தான் திறக்க முடியாம ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு போன் போடுவார். அதனால தாராளமா விக்கலாம்.

கிண்டில்ல ஒண்ணு கவனிங்க. இந்தியாவுல விக்கிறதுக்கு 70% ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்ல (கிண்டில்ல மட்டும் விப்பேன்னு ஒத்துக்கிற திட்டம்) சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்த மின்னூல உங்க சைட்ல கூட விக்கக் கூடாது. சேரலன்னா 35% தான். அந்த 90 நாள் தானா புதுப்பிச்சுக்கும், தானா புதுப்பிக்கிறதுக்கான டிக்க எடுத்து விடுங்க, நிறைய பேர் இதுலதான் சிக்குறாங்க. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது, மறுபடி சொல்றேன், அச்சுக்கு கிடையாது, போன வாரம் கூட ஒருத்தர் பயந்து போய் கடைக்கு அனுப்புன புத்தகத்த திருப்பி வாங்கிட்டு வந்திருக்கார்.

இப்ப ஏஜென்ட் விஷயம். "மின்னூலா மாத்துற கன்வர்ஷன் ஃப்ரீ சார், பேஜ்மேக்கர் ஃபைல மட்டும் குடுங்க"ன்னு வருவாங்க, பேஜ்மேக்கர்னா அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருள். மின்னூல அவங்க அக்கவுண்ட்லயே ஏத்திடுவாங்க, எவ்ளோ வித்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க சொல்றதுதான் கணக்கு. எனக்கே ரெண்டு வருஷம் அப்படிப் போச்சு. பழைய ஃபான்ட, எல்லாக் கருவியிலயும் படிக்க முடியற யூனிகோடு எழுத்துக்கு மாத்துறப்ப கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், அதுக்கு மெய்ப்பு பாக்க ஆள் வேணும், அந்தக் காச மட்டும் செலவு பண்ணுங்க, உரிமைய எழுதிக் குடுக்காதீங்க.

முதல்ல எழுத்தாளர் ஒப்பந்தத்த எடுத்துப் பாருங்க. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம்னா சட்டப்படி 5 வருஷம்தான், அப்புறம் அவர் கிட்டதான் திரும்பப் போகும். மின்னூலுக்குன்னு தனியா ஒரு கடிதம் வாங்கிக்கோங்க.

ஜிஎஸ்டி பத்தி பேசுனாலே எரிச்சல் வருது. அச்சடிச்சா வரியே இல்ல, அதே எழுத்த மின்னூலா குடுத்தா, அச்சுப் பிரதி இருந்தா 5%, இல்லாட்டி 18%. 2018-ல குறைச்சதே பெரிய உபகாரமாம்! உங்களுக்கு எது பொருந்தும்னு ஆடிட்டர கேட்டுட்டு, நல்லா போற மூணு தலைப்ப மட்டும் முதல்ல இபப்பா (மின்னூல் ஃபைல் வடிவம்) போடுங்க.