சபையை விட்டு வந்தவர்கள்: கேள்வி பதில்

காட்பாடியில் ஓர் ஆவிக்குரிய சபையில் இருபத்தொரு வருடம் இருந்தேன். அதில் ஒன்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினேன். வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது. கேளுங்கள்.

அண்ணா, இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்ற இரகசிய வருகையை நம்புவதை விட்டு மூன்று வருடம். போன வாரம் வீட்டுக்கு வந்தால் அம்மாவைக் காணோம், செல்போன் மட்டும் மேஜையில். கை கால் நடுங்கிவிட்டது. அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். (குடியாத்தம்)

தம்பி, மனசு விட்டதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் விடாது. ஏழு வயதில் ஏறிய பயம் அது. அந்தப் பயத்தை ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதற்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சபை தூக்கிக்கொள்ளப்படும், மற்றவர்கள் உபத்திரவத்தில் விடப்படுவார்கள் என்ற இந்த வரிசை 1830களில் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் பரப்பியது. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. 1853இல் இங்கே ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். அவர்கள் மரபில் இந்தப் போதனை கிடையாது. மறுபடி நடுக்கம் வந்தால் அம்மாவுக்குப் போன் போடு, தண்ணீர் குடி. பயத்தில் இருக்கும்போது எதையும் முடிவு செய்யாதே.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) நிறுத்தினால் சாபமா? ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை.

இல்லை சிஸ்டர். உபாகமம் 14ஐ வாசியுங்கள். கொடுப்பவன் தன் குடும்பத்தோடு அதைச் சாப்பிடுகிறான். மூன்றாம் வருடத்துப் பங்கு ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும்.

வருகை பயம் போக வழி சொல்லுங்கள்.

முதல் பதிலைப் பாருங்கள்.

எஸ்சி சான்றிதழ் திரும்பக் கிடைக்குமா?

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் அந்தப் பட்டியலில் வருவார்கள். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

நான் ஊழியம் செய்கிறவன். ஆடுகளைச் சிதறடிக்கிறீர்கள். மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிற 1 தெசலோனிக்கேயர் 4:17 உங்கள் பைபிளில் இல்லையா?

இருக்கிறது ஐயா. பதினெட்டாம் வசனமும் இருக்கிறது. இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார் பவுல். செத்துப்போனவர்களை நினைத்து அழுதவர்களுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் அது.

தேவபயம் வேண்டாமா?

வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவைக் காணாமல் ஒரு பிள்ளை நடுங்குவது தேவபயமா? என் வகுப்பில் ஒரு சிறுமி தூங்கப் பயந்து மாதக்கணக்கில் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டே படுத்தாள். அது பக்தியின் அடையாளம் என்று அவள் தாயிடம் நான் சொன்னேன். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஐயா. உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடவுளே இல்லை என்று வீட்டில் சொல்லிவிடலாமா? (ஆரணி)

சபையை விட்டு எத்தனை மாதம் ஆகிறது? நான்கு என்றால் பொறுங்கள் தங்கச்சி. பயத்திலும் முடிவு வேண்டாம், கோபத்திலும் வேண்டாம். நானே முதல் வருடம் மூன்று முறை மாறினேன்.

வருகை உண்மையாக இருந்துவிட்டால்?

நான்காவது முறை. மேலே எழுதிவிட்டேன்.

மகளை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஞாயிறு பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். முதல் நான்கு வாரம் நீங்களும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். கதை சொன்னால், பாட்டுப் பாடினால் சரி. கைவிடப்படுவாய் என்று சொன்னால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.