தனி ராணுவம் இல்லாத ஒன்றியத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி? கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): மென்சக்தி என்றால் கலை, பண்பாடு, உதவித்தொகை, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். 1990-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை இந்தக் கருத்தை முன்வைத்தபோது சொன்னது இதுதான்: மிரட்டாமல், காசு கொடுக்காமல், அடுத்தவர் தானாகவே நம் வழிக்கு வர விரும்பும்படி செய்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய கவர்ச்சி அதில் உறுப்பினராவதுதான். சட்டத்தின் ஆட்சி வேண்டும், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், போட்டியைத் தாங்கும் சந்தை வேண்டும் என்று 1993-இல் கோபன்ஹேகனில் நிபந்தனை வைத்தார்கள். 2004-இல் ஒரே நாளில் 10 நாடுகள் சேர்ந்தன. அதே ஆண்டு துருக்கி மரண தண்டனையை முழுதாக ஒழித்ததிலும் இந்த ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: சேர்த்துக்கொள்ளாமல் இழுத்தடித்தால்?

மாசிடோனியாவைப் பாருங்கள். 2005-இல் வேட்பாளர் நாடானது. "மாசிடோனியா எங்கள் மாகாணத்தின் பெயர்" என்று கிரீஸ் ஆண்டுக்கணக்கில் வழிமறித்தது. கிரீஸைச் சமாதானப்படுத்த 2018-இல் தலைநகர் ஸ்கோப்யேவின் விமான நிலையத்திலிருந்து மகா அலெக்சாந்தரின் பெயரை எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரீஸுடன் ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயரே வடக்கு மாசிடோனியா ஆனது, வண்டி நம்பர் பிளேட் உட்பட. ஒரு நாடு தன் பெயரையே விட்டுக்கொடுத்தது. இதைவிடப் பெரிய மென்சக்தி வெற்றி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் முன்னின்று பேச்சுவார்த்தையைத் தடுத்தது. 2020-இல் மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா வீட்டோ போட்டது. 2022 ஜூலையில்தான் பேச்சு தொடங்கியது, அதுவும் அங்கே வாழும் பல்கேரியர்களை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்ற புது நிபந்தனையோடு. இதைப் பார்க்கும் மற்ற பால்கன் நாடுகள் அடுத்த சீர்திருத்தத்துக்கு ஏன் அவசரப்படப் போகின்றன?

கேள்வி: ஒன்றியத்துக்காகப் பேசுவது யார்?

வெளியுறவு உயர் பிரதிநிதி, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் தலைவர், உறுப்பு நாட்டுத் தலைவர்கள் கூடும் கவுன்சிலின் தலைவர் என்று மூன்று பேர். 2021 ஏப்ரலில் அங்காராவில் துருக்கி அதிபர் எர்டோகனைச் சந்திக்க இருவர் போனார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்ததோ ஒரே நாற்காலி. அப்போதைய கவுன்சில் தலைவர் சார்ல் மிஷெல் உட்கார்ந்துவிட்டார். ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தள்ளியிருந்த சோபாவுக்குப் போனார். எல்லாம் கேமராவில் பதிவானது.

கேள்வி: ஒருமனதாக முடிவெடுப்பது அவ்வளவு பெரிய தடையா?

ஆமாம். 2020 ஆகஸ்டில் பெலாரஸில் தேர்தல் மோசடி. தடை விதிப்பதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் மத்தியதரைக் கடலில் எரிவாயு தேடும் துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்று சைப்ரஸ் பிடிவாதம் பிடித்தது. அக்டோபர் வரை இழுத்தது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): ஏற்றுமதிக்குத் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை வைத்து இலங்கையை ஐரோப்பா மிரட்டுகிறது என்கிறார்களே?

இதை மென்சக்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிச்சலுகை என்பது காசு. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தால் சலுகை என்பது விதி. மனித உரிமை நிலையைக் காட்டி 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். கொழும்பு அசையவில்லை. 2015-இல் ஆட்சி மாறிய பிறகு மறுபடி விண்ணப்பித்து, 2017 மே மாதம் சலுகை திரும்பியது. 2021 ஜூனில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த மார்ச்சில் இலங்கை அந்தச் சட்டத்தைத் திருத்தியது, நீக்கவில்லை. பறிபோய்விடுமோ என்ற பயம் கொஞ்சமாவது வேலை செய்கிறது. பறித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்த அடியும் முதலில் விழுவது ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் மீதுதான்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஒன்றியம் தரும் எராஸ்மஸ் உதவித்தொகை வாங்கினால் நானும் அவர்கள் கருவியா?

தாராளமாக வாங்குங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலையில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். திரும்பி வந்து பிரஸ்ஸல்ஸைத் திட்டி எழுதினாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.